உதிரம் பெருகும் வேளையில்

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து கோயில் கதவைச் சாத்தும் நேரத்தில் இளைஞன் ஒருவன் வண்டியில் வந்து இறங்கினான். "சாமி, அம்மாவுக்கு ரொம்ப முடியலை, உடனே வாங்க" என்பதற்கு மேல் அவனால் பேச இயலவில்லை. பூசுதலுக்குரிய எண்ணெயை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே சென்றோம். ஒட்டன்சத்திரம் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் மண்பாதையில் அவர்கள் ஊர்.

வீட்டு முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. உள்ளறையில் கோரைப்பாயின்மேல் விரித்த வெள்ளை வேட்டியில் அந்தத் தாய் கிடந்தார். கருப்பை வாயில் கண்ட புற்றுநோய் முற்றி, உதிரம் பெருகி, வேட்டியும் பாயும் கடந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் நிலைக்கதவைப் பிடித்தபடி வெளியே நின்றார். பெண்கள் வாசலில் நின்று அலறினார்கள். உள்ளே அவர் அருகில் ஒருவரும் இல்லை. அவர் கண்கள் மட்டும் யாரையோ தேடி அலைந்துகொண்டிருந்தன. நாமும் அந்த வாசற்படியில் ஒரு கணம் நின்றுவிட்டோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். நாம் உள்ளே சென்று முழந்தாளிட்டபோது அவர் நினைவிழந்திருந்தார். பூசுதல் முடிவதற்குள் மூச்சு அடங்கியது.

"சாமி, ஒரு உடம்புல இவ்வளவு ரத்தமா இருக்கும்?" என்று அந்த மகன் கேட்டான். நம்மிடம் மறுமொழி இல்லை. குருமடத்தில் பயின்ற ஆண்டுகளில் நன்மரணத்தைக் குறித்து நிறையக் கற்றோம். நன்மரணம் அடைவோரின் பாயிலும் உதிரம் ஓடக்கூடும் என்பதை அங்கே எவரும் நமக்குச் சொன்னதில்லை. அடக்கத்திற்குப் பின் விசாரித்தபோதுதான், முந்தைய வாரத்தில் இருமுறை சிறிதளவு உதிரம் பட்டதாகவும், அதைப் பெரிதாக எண்ணவில்லை என்றும் வீட்டார் கூறினர். அது வரவிருப்பதற்கு முன்னறிவிப்பு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றுமுதல் மருத்துவர்களையும் செவிலியர்களையும் கேட்டுக் கேட்டு அறிந்தவற்றையே இக்கட்டுரையில் வாசகர்முன் வைக்கிறோம். குடும்பத்தில் உரக்க வாசிக்கத் தயங்கும் செய்திதான். ஆயினும் வாசிக்க வேண்டுகிறோம்.

முற்றிய புற்றுநோயாளர் நூறு பேரில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஏதேனும் ஒரு வகையில் இரத்தப்போக்கு ஏற்படுகிறது என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. ஒரேயடியாகப் பெருகி உயிரைக் கொண்டுபோகும் பெரும்போக்கு அவர்களிலும் சிலருக்கே வரும். புற்றுக்கட்டி தனக்கென இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அவை உறுதியற்றவை, எளிதில் கிழிபவை. கட்டி வளர வளர அருகிலுள்ள நல்ல குழாய்களின் சுவரையும் அரித்துவிடும். கழுத்திலும் தாடையிலும் நோயுள்ளவர்களுக்குக் கழுத்துப் பெருநாடியே அரிக்கப்படலாம். கருப்பை வாய், மலக்குடல், சிறுநீர்ப்பை, நுரையீரல், இரைப்பை, புண்ணாகிவிட்ட மார்பகக் கட்டி ஆகியவை இரத்தப்போக்கு மிகுதியாகக் காணப்படும் மற்ற இடங்கள். கல்லீரல் பழுதுபட்டிருந்தால் இரத்தம் உறையும் தன்மையும் குன்றிவிடுகிறது.

இந்தப் பட்டியலில் முதலிரண்டு நோய்களும் நம் திண்டுக்கல் சமவெளிக்கு அன்னியமானவை அல்ல. புகையிலை இம்மண்ணின் பழைய பயிர். திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து போயிற்று. வேடசந்தூரில் புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம் பங்குகளின் முதியோரிடம் எவ்வளவு என்பதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் எந்தக் குருவின் மூக்கும் அறியும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றியோ நம் மாவட்டம் உலகத்திற்கே பாடம் சொல்லியிருக்கிறது. ஒட்டன்சத்திரத்தில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைச் சார்ந்து அம்பிளிக்கையில் ஒரு சமூக நல மையம் உள்ளது. அம்மையமும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பிறரும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். மாவட்டத்தில் 114 பகுதிகளைத் தேர்ந்து, அவற்றில் 57 பகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தனர். எஞ்சிய 57 பகுதிகளில் வழக்கமான மருத்துவம் மட்டுமே தொடர்ந்தது. பரிசோதனை என்றால் பெரிய கருவி ஏதுமில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த வினிகர் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பார்ப்பார். கெட்ட மாற்றம் இருந்தால் அந்த இடம் வெளுத்துக் காட்டும். 2003 வரை 31,343 பெண்கள் இவ்வாறு பரிசோதிக்கப்பட்டனர். புற்றாக மாறும் முன்னரே கண்டறியப்பட்ட மாற்றங்களுக்குச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்நோயின் வரவு 25 விழுக்காடும் இந்நோயால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையின் பலன் இது.

அந்த அறிக்கையில், 2006 வரை பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் 83 பெண்களும், மற்றப் பகுதிகளில் 92 பெண்களும் இந்நோயால் இறந்தனர் என்று உள்ளது. இரு தரப்பிலும் பெண்களின் தொகை ஒன்றல்ல. ஆதலால் இவ்விரு எண்களை அப்படியே ஒப்பிடலாகாது. நாம் இங்கே அவற்றை எடுத்துக்காட்டுவது வேறொரு காரணத்திற்காக. இரண்டையும் கூட்டினால் 175 வீடுகள். அவற்றின் உள்ளறையில் கடைசி நாட்கள் எப்படிக் கழிந்தன என்பது இத்தகைய கணக்கில் வராது. பரிசோதனைக்குப் போகாதவர்கள், போயும் காலம் கடந்துவிட்டவர்கள் இன்றும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்ன?

முதலாவது, சிறு கசிவை அலட்சியம் செய்யலாகாது. பெரும்போக்கிற்கு முன் ஓரிரு முறை சிறிதளவு இரத்தம் தானே வந்து தானே நிற்பது உண்டு. மருத்துவர்கள் இதைக் காவற்காரனின் குரல் போலக் கொள்கிறார்கள். அப்போதே சொன்னால் செய்யக்கூடியவை பல. நம் மக்கள் "கரண்டு வைத்தல்" என்று சொல்லும் கதிர் சிகிச்சையை, நோயைக் குணமாக்கும் நோக்கமின்றி, உதிரத்தை நிறுத்துவதற்காக மட்டுமே குறைந்த அளவில், சில வேளை ஒரே நாளில் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். கருப்பை வாயிலிருந்து கசியும் உதிரம் இதனால் பலருக்குச் சில நாட்களில் கட்டுப்படுகிறது. மருந்து நனைத்த துணிச்சுருளை உள்ளே வைத்து அடைப்பதும் உண்டு. பெரிய மருத்துவமனைகளில் இரத்தக் குழாயையே உள்ளிருந்து அடைத்துவிடவும் வழி இருக்கிறது.

டிரனெக்சாமிக் அமிலம் என்றொரு மருந்து உண்டு. உடல் தானே உண்டாக்கிய இரத்தக்கட்டி கரைந்துபோகாமல் அது காக்கிறது. சப்பானில் ஒக்கமோட்டோ என்ற மருத்துவத் தம்பதியர் 1962-இல் இதனைக் கண்டறிந்து வெளியிட்டனர். பிரசவத்தில் உதிரம் மிகுந்து தாய்மார் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்பதே அந்த அம்மையாரின் நெடுநாள் எண்ணமாக இருந்தது. இன்று அது விலை மலிந்த மாத்திரை. புண்ணிலிருந்து கசிந்தால் மாத்திரையைப் பொடித்து நீரில் குழைத்துக் காஸ் துணியில் நனைத்து வைக்கவும் செவிலியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் சிறுநீரில் இரத்தம் போகிறவர்களுக்கு இதே மருந்தால் கட்டி உறைந்து சிறுநீர் அடைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள் என்று நாமும் வாங்கிக் கொடுப்பது தகாது. இதயத்திற்காகவோ பக்கவாதத்திற்காகவோ இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டு வருவோரும், வலிக்காக மாத்திரை விழுங்குவோரும் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறவாமல் காட்ட வேண்டும். அவற்றுள் சில இரத்தப்போக்கை மிகுவிக்கும்.

புண்ணுள்ளவர்களுக்கு நம் வீடுகளில் செய்யும் கைவைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்பித்தூளும் மஞ்சள்தூளும் சாம்பலும் அப்பிய புண்களை நாம் கண்டிருக்கிறோம். அன்பினால் செய்கிறார்கள், ஆனால் அவை காய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த நாள் துணியைப் பிய்க்கும்போது புண்ணும் சேர்ந்து கிழிந்து இரத்தம் பீறிடுகிறது. ஒட்டிய துணியைக் கொதித்து ஆறிய உப்புநீரால் நன்றாக நனைத்து, அது தானே இளகும்வரை பொறுத்து எடுக்க வேண்டும். இந்தப் பொறுமையே பாதி மருந்து என்று ஒரு செவிலியச் சகோதரி நமக்குச் சொன்னார்.

இரண்டாவது, பெருகும் நாள் வரக்கூடும் என்று மருத்துவர் கருதினால், வீட்டை ஆயத்தம் செய்வது. இதில் நமக்கு வியப்பளித்தது துணியின் நிறம். வெள்ளைத் துணியில் ஒரு தம்ளர் இரத்தம் ஒரு குடம் போலத் தோன்றும். அதைக் காணும் நோயாளியின் நெஞ்சம் உடலுக்கு முன்பே ஒடுங்கிவிடுகிறது, வீட்டாரும் ஓடிவிடுகிறார்கள். கருஞ்சிவப்பு, கருநீலம், கரும்பச்சை நிறத்தில் பழைய சேலைகளும் துண்டுகளும் நான்கைந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அந்தக் காட்சியின் கொடுமை பெருமளவு மறைந்துவிடும். பாயின் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அருகே ஒரு குண்டான், கையுறை இரண்டு சோடி. நோயுற்றவர் துப்புரவானவர்தாம், அவர் நோய் தொற்றுவதும் அன்று. எவருடைய இரத்தத்தைத் தொட்டாலும் கையுறை அணிவது பொதுவான முறை என்பதால்தான் அது. கறைபட்ட துணியைக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்பதை நம் தாய்மார்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

பெருகும்போது செய்வது மிகச் சிலவே. வெளிப்புண் என்றால் மடித்த துணியால் அழுத்திப் பிடித்து, பத்து நிமிடமாவது எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருக்க வேண்டும். வாயிலோ கழுத்திலோ இருந்து வந்தால், இரத்தம் தொண்டைக்குள் போகாதவாறு ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். நுரையீரலிலிருந்து வந்தால் நோயுள்ள பக்கம் கீழாக இருக்கும்படி திருப்புவர், மறுபக்கமேனும் மூச்சுக்கு மிஞ்சட்டும் என்று. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு அருகில் அமர்ந்திருக்க வேண்டும். மருந்தெடுக்கவோ தொலைபேசியில் பேசவோ இன்னொருவர் போகட்டும், அருகில் இருப்பவர் எழக்கூடாது. பெருநாடி உடைந்த சிலருக்கு முடிவு சில நிமிடங்களிலேயே வந்துவிடுகிறது. அந்த நிமிடங்களில் எந்த மருந்தும் வேலை செய்யுமுன் வேலை செய்வது அந்தக் கைதான் என்று இத்துறை மருத்துவர்கள் அனைவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணின் வரலாற்றை நற்செய்தியில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். தீட்டென்று பிறர் ஒதுங்கிய காலத்தில் அவரிடமிருந்து ஆண்டவர் விலகவில்லை. அதை வாசித்த நாமே வாசற்படியில் நின்றோம்.

எல்லாப் போக்கும் கடைசிப் போக்கு அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சை நடந்துவரும் ஒருவருக்கு, இன்னும் நல்ல காலம் மிஞ்சியிருக்கும் ஒருவருக்கு உதிரம் பெருகினால் 108-ஐ அழைத்து உடனே கொண்டுபோக வேண்டியதுதான். முடிவு நெருங்கிவிட்டது என்று மருத்துவரும் வீட்டாரும் அறிந்த ஒருவரை நள்ளிரவில் திண்டுக்கல்லுக்கும், அங்கிருந்து மதுரைக்கும் ஏற்றிச்சென்று வழியில் வாடிப்பட்டிக்கருகே இழப்பது வேறு. எது எவருக்கு என்பதை அந்த இரவில் முடிவு செய்ய இயலாது. முன்னரே, பகலில், மருத்துவரைக் கேட்டு, நோயாளியின் விருப்பத்தையும் அறிந்து முடிவு செய்திருக்க வேண்டும். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சாமி" என்று வாசலிலேயே நம்மைத் தடுக்கிற பிள்ளைகளை நாம் அறிவோம். அந்த அம்மாக்களில் பலர் நம்மிடம் தனியே, "பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் சாமி, பயந்துருவாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அச்சத்தைத் தணிக்கும் மருந்தொன்றும் உண்டு. மிடாசோலம் எனப்படும் அது சில நிமிடங்களில் உறக்கத்தைக் கொணரும். ஊசியாகவும் மூக்கில் பீய்ச்சும் வடிவிலும் கிடைக்கிறது. மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்காது. அளவை அவரே எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்போக்கு வரக்கூடிய நோயாளிக்கு இதனை முன்கூட்டியே ஆயத்தமாக வைப்பது ஆதரவுச் சிகிச்சையின் வழக்கம். இங்கேதான் நம் கத்தோலிக்க வீட்டார் பலர் தயங்குகிறார்கள். "சாகப்போகிறவருக்கு மயக்கமருந்து கொடுத்தால் நாமே கொன்றதாகாதா, சாமி?" என்று கேட்கிறார்கள். கேட்பது நேர்மையான கேள்வி. விடையும் தெளிவாகவே உள்ளது. 1957 பிப்ரவரி 24-ஆம் நாள் இத்தாலிய மயக்கமருந்து மருத்துவர்களின் கேள்விகளுக்கு விடையளித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், வேறு வழியில்லாதபோது, வேதனையைத் தணிக்கும் நோக்கத்துடன் மட்டுமே கொடுக்கப்படும் மருந்து, நினைவை மழுங்கச் செய்தாலும் ஆயுளை ஒருகால் குறைத்தாலும், அது தகும் என்றார். நோயாளி தம் கடமைகளை நிறைவேற்ற அது தடையாகாதிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980 மே 5-ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையிலும் இது உறுதி செய்யப்பட்டது. இரத்தம் பெருகி உயிர் பிரிகின்ற அந்நேரத்தில் உயிரை எடுப்பது நோய். மருந்து எடுப்பது திகிலை மட்டுமே.

கடமைகளை நிறைவேற்ற என்றோமே, அதைக் கொஞ்சம் நின்று நோக்குவோம். பழைய நாளில் "அவஸ்தைப் பூசுதல்" என்று பெயரிட்டு, மூச்சு இழுக்கும்போதுதான் குருவை அழைப்பார்கள். இப்பெயரினும் "நோயில் பூசுதல்" என்பதே தகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கூறியது; 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே புதுப்பித்தார். அரை நூற்றாண்டு கடந்தும் நம் ஊர்களில் குருவின் வண்டி வாசலில் நின்றால் சாவு வந்துவிட்டது என்றே எண்ணுகிறார்கள். உதிரப்போக்கு நேரக்கூடிய நோயாளியைப் பொறுத்தவரை இந்தத் தாமதம் பெரும் இழப்பு. அவர் தெளிவாகப் பேசும் நாளில், பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, பிள்ளைகளைத் தொட்டு ஆசீர்வதித்து எல்லாம் முடித்துவிட்டால், அந்த இரவில் மருந்து கொடுக்கவும் கைநடுங்க வேண்டியதில்லை.

ஆதரவுச் சிகிச்சை என்ற தனித்துறை இலண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லத்திலிருந்து உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா இல்லமும், 1993-இல் கோழிக்கோட்டில் வீடுதேடிச் செல்லும் இயக்கமும் உருவாயின. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கென்று செவிலியர் வீட்டிற்கே வருகிறார். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். இதை அறியாத பங்கு மக்களே மிகுதி.

அப்படி ஒரு செவிலியர் வந்துபோன வீட்டிற்கு, இரண்டாண்டு கழித்து நாம் சென்றோம். தாடையில் நோய்கண்ட பெரியவர். மகள் தன்னுடைய சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றை, அடர்ந்த அரக்கு நிறம், இரண்டாகக் கிழித்து மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தாள். பெரியவருக்கும் அது எதற்கென்று தெரியும். "என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் அப்பா எடுத்துக் கொடுத்தது, சாமி" என்றாள். பத்து நாள் கழித்து விடியற்காலையில் உதிரம் பெருகியது. நாம் போய்ச் சேருமுன் அவர் போய்விட்டார். மகள் அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். அந்தச் சேலை முகத்தருகே சுருண்டு கிடந்தது. அறையில் அழுகை இருந்தது, அலறல் இல்லை. சிறு பேரன் ஒருவன் தாத்தாவின் காலைப் பிடித்தபடி கட்டிலருகே நின்றான், அவனை யாரும் விரட்டவில்லை. துன்பமில்லாத சாவு அது என்று நாம் சொல்ல மாட்டோம். அந்த மகள் மாதக்கணக்கில் உறக்கமின்றித் தவித்தாள். ஆனாலும் அவள் அங்கே இருந்தாள்.

இப்போது நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அடர்நிறத் துண்டுகள் ஆறு, பிளாஸ்டிக் விரிப்பு, கையுறை, காஸ் துணி, குண்டான், ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண் எழுதிய அட்டை. மருந்து அதில் இல்லை. அது அவரவர் மருத்துவர் தரவேண்டியது. சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. இருமுறை பெட்டி வெளியே போய் வந்தது. மூன்றாம் வீட்டில், "எங்கம்மா நல்லாயிருவாங்க, இதெல்லாம் எதுக்கு சாமி?" என்று வாங்க மறுத்தார்கள். நாம் வற்புறுத்தவில்லை. திண்ணையில் வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் அவ்வழியே போனபோது பெட்டி திண்ணையில் இல்லை. உள்ளே எடுத்து வைத்திருந்தார்கள்.